பழைய சவரக்கத்தி கைக்கு வந்திருக்கா? கல்லுல வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

தாத்தா பெட்டியிலயோ பழைய சாமான் கடையிலயோ ஆன்லைன் ஏலத்துலயோ ஒரு மடக்கு சவரக்கத்தி உங்களுக்குக் கிடைச்சிருக்குன்னு வெச்சுக்கலாம். துரு பிடிச்சிருக்கும், கைப்பிடி ஆடும், என்ன கம்பெனின்னு தெரியாது. இதை எப்படி சரி பண்றதுன்னு தமிழ்ல ஒரே இடத்துல சொல்ற ஆள் எனக்குக் கிடைக்கல. சலூன்ல கொஞ்சம், நகைப் பட்டறையில கொஞ்சம், ஹார்ட்வேர் கடையில கொஞ்சம்னு கேட்டுக் கேட்டு, ஒருத்தர் சொன்னதுக்கு இன்னொருத்தர் நேர் எதிரா சொல்ல, ரொம்ப அலைஞ்சுதான் ஒரு வழிக்கு வந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கத்திங்க துருவால போனதைவிட, சுத்தம் பண்றேன்னு கிளம்பினவங்க கையால போனதுதான் நான் பார்த்தவரைக்கும் அதிகம். அதனால பாதி கட்டுரை எதைச் செய்யக்கூடாதுன்னுதான் இருக்கும்.

1. முதல் நாள் தேய்க்காதீங்க

நம்ம வீட்டுப் பழக்கம், துருன்னா புளி, இல்ல எலுமிச்சம்பழம், இல்லன்னா கோலால ஊறப்போடறது. மூணும் ஆசிட். துரு போகும், கூடவே நல்ல ஸ்டீலையும் அரிச்சு சாம்பல் நிறமா சொரசொரன்னு ஆக்கிடும், அதுவும் கூர் இருக்கிற மெல்லிசான இடத்தைத்தான் முதல்ல தின்னும். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீங்க.

அடுத்தது தெருவுல வர்ற சாணை பிடிக்கிறவர். அரிவாள்மனை, கத்தரிக்கோலுக்கு அவர் கை நல்ல கை, ஆனா சவரக்கத்தியை சுத்துற சாணையில வைக்கவே கூடாது. இந்த ஸ்டீல் கடினமா இருக்கணும்னு பதம் போட்டது. சூடு 200 டிகிரியைத் தாண்டினா அந்தப் பதம் இறங்க ஆரம்பிச்சிடும், கூர் ஓரம் காகிதம் மாதிரி மெல்லிசுங்கறதால சில நொடியே போதும். நீலமோ வைக்கோல் நிறமோ ஓடியிருந்தா அந்த இடம் செத்துப்போச்சு, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது.

ட்ரில் மெஷின்ல பஃப் வீல் மாட்டி பாலிஷ் போடறதும் இதே கதைதான், அதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. வீல் கூரைப் பிடிச்சு இழுத்துச்சுன்னா கத்தி உங்க வயித்தைப் பார்த்து பறந்து வரும். கையால மட்டும் செய்யுங்க.

முதல் நாள் வேலை ஒண்ணே ஒண்ணுதான். கத்தியைக் கைப்பிடியோட கோக்கிற பின் (சின்ன ஆணி) இருக்கிற மடிப்புல ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ராத்திரி பூரா விட்டுடுங்க. கத்தி இறுகியிருந்தா பலவந்தமா திறக்காதீங்க, கைப்பிடி அந்தப் பின் இருக்கிற இடத்துல பிளந்துக்கும்.

2. முத்திரையைப் படிங்க

கூர் முடிஞ்சு பின்னுக்குப் போற கழுத்துப் பகுதியிலதான் பேர் குத்தியிருக்கும். துருவுக்குள்ள தெரியலன்னா சுரண்டாதீங்க. லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை பக்கவாட்டுல, கத்தியோட ஒட்டி படுக்க வெச்சு அடிச்சு போன்ல ஃபோட்டோ எடுங்க. நேர்ல பார்த்தா வெறும் கறுப்பா இருந்த இடத்துல ஒரு கிரீடமோ பாதி எழுத்தோ நிழலா எழுந்து நிக்கும். டார்ச்சைச் சுத்திச் சுத்தி நாலு பக்கமும் எடுங்க, ஒரு பக்கம் தெரியாத எழுத்து இன்னொரு பக்கம் தெரியும்.

முதல்ல ஊர் பேரைத் தேடுங்க. இங்கிலாந்து ஷெஃபீல்ட், ஜெர்மனி சோலிங்கன், ஸ்வீடன் எஸ்கில்ஸ்டூனா, பிரான்ஸ் தியேர், இந்த நாலுல ஒண்ணு இருந்தா உழைப்புக்கு ஏத்த கத்தியா இருக்க வாய்ப்பு அதிகம். நம்ம பக்கம் வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து கிடக்கிறதுல ஷெஃபீல்டும் சோலிங்கனும்தான் நிறைய கண்ணுல படும். அப்புறம் குறி. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்திருந்தா ஜோசப் ராட்ஜர்ஸ், ஐ எக்ஸ்எல்னு இருந்தா ஜார்ஜ் வோஸ்டன்ஹோம், ரெண்டும் ஷெஃபீல்ட். ரெண்டு மனுஷ உருவம் ஒட்டி நின்னா ஹென்கெல்ஸ், மரம் இருந்தா போக்கர், இது ரெண்டும் சோலிங்கன்.

காலம் கண்டுபிடிக்க சில துப்பு:

கிரீடத்தோட வி.ஆர். இருந்தா விக்டோரியா காலம், 1837லேர்ந்து 1901க்குள்ள. டபிள்யூ.ஆர். இருந்தா 1830லேர்ந்து 1837. ஜி.ஆர்.னு பார்த்ததும் எரநூறு வருஷப் பழசுன்னு குதிக்காதீங்க, 1830க்கு முன்னாடியும் ஜார்ஜ் ராஜாதான், 1910க்கு அப்புறமும் ஜார்ஜ்தான், கத்தியோட வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

நாட்டுப் பேர் இல்லன்னா 1891க்கு முந்தினதுன்னு விக்கிறவங்க அடிச்சுச் சொல்லுவாங்க. அந்த வருஷம் அமெரிக்காவுக்கு வர்ற சரக்குல நாட்டுப் பேர் போடணும்னு சட்டம் வந்தது உண்மை, ஆனா அது அமெரிக்காவுக்குப் போனதுக்கு மட்டும். நம்ம ஊருக்கு வந்த கத்தியில அந்தக் கணக்கு செல்லாது, அதை நம்பி கூட காசு குடுக்காதீங்க. வெஸ்ட் ஜெர்மனின்னு இருந்தா 1949க்கு அப்புறம், இதுல குழப்பமே இல்ல.

சில்வர் ஸ்டீல்னு குத்தியிருக்கும், அது வியாபாரப் பேர், வெள்ளி விலை கேட்டா நகர்ந்து வந்துடுங்க. முத்திரையும் அந்தக் காலத்துலயே காப்பி அடிச்சிருக்காங்க, அதனாலதான் சோலிங்கன்கிற பேருக்கு 1938ல தனியா சட்டப் பாதுகாப்பு குடுத்தாங்க.

கத்தியை முனைப் பக்கத்துலேர்ந்து நேரா பாருங்க. ஆப்பு மாதிரி நேரா இறங்கினா பழைய பாணி, ரெண்டு பக்கமும் நல்லா குடைஞ்சு இடுப்பு ஒடுங்கியிருந்தா பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு கடைசி, இல்ல அதுக்கும் பிந்தினது. அகலம் இன்ச்சுல எட்டுல எத்தனைன்னு சொல்லுவாங்க. 5/8னா ஏறக்குறைய 16 மில்லிமீட்டர், புதுசா கத்துக்கிறவங்களுக்கு 5/8, 6/8 வசதி.

3. கைப்பிடியும் காகிதமும்

இதைத் தாண்டிப் போயிடாதீங்க, சட்டச் சிக்கல் இங்கதான் இருக்கு.

கைப்பிடி கொம்பா, எலும்பா, செல்லுலாய்டா (பழைய காலத்து பிளாஸ்டிக்), தந்தமா, ஆமை ஓடான்னு முதல்ல தெரியணும். வெள்ளையா இருந்தா நகைக்கடை லென்ஸ் வெச்சுப் பாருங்க. சின்னச் சின்ன கறுப்புப் புள்ளியோ கோடோ இருந்தா எலும்பு. ரேகை ரூல் போட்ட மாதிரி ஒரே சீரா ஓடினா செல்லுலாய்டுல தந்தம் மாதிரி பண்ணது. ஒண்ணை ஒண்ணு குறுக்கா வெட்டிக்கிட்டுப் போற மெல்லிய ரேகை, அதுவும் வெட்டுமுகத்துல, தெரிஞ்சா தந்தம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, அதுக்கு 1986லயும் 1991லயும் வந்த திருத்தம், இதெல்லாம் சேர்ந்து இந்தியாவுல தந்த வியாபாரத்தை முழுசா மூடிடுச்சு, ஆப்பிரிக்கத் தந்தமும் சேர்த்துதான். அழுங்காமை ஓடும் அப்படித்தான். "ஆன்டிக், சார், பிரச்சனை வராது"ன்னு சொல்ற வியாபாரியை நம்பி வாங்காதீங்க, வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கவும் செய்யாதீங்க, கஸ்டம்ஸ்ல மாட்டினா பொருள் போறதோட நிக்காது. வீட்டுல பரம்பரையா இருக்கிறதுன்னா விக்கிற, குடுக்கிற பேச்சு எடுக்காம, முதல்ல மாவட்ட வனத்துறை ஆபீஸ்ல உரிமைச் சான்றிதழ் பத்தி விசாரிங்க.

செல்லுலாய்டுல வேற ஆபத்து. லேசா தேய்ச்சு மோந்தா கற்பூர வாசனை வரும். சில பேர் சூடு பண்ண ஊசியைக் குத்தி டெஸ்ட் பண்ணுன்னு சொல்லுவாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, குபீர்னு பத்திக்கும். வயசான செல்லுலாய்டு கெட்டுப்போய் ஆசிட் வாயு விடும். மத்த இடமெல்லாம் சுத்தமா இருந்து, மடிச்சா கைப்பிடிக்குள்ள வர்ற இடத்துல மட்டும் துரு மொத்தமா மொய்ச்சிருந்தா காரணம் அதுதான். அந்தக் கைப்பிடியைக் கழட்டி எறிஞ்சாத்தான் கத்தி பிழைக்கும்.

வெளிநாட்டு ஏலத்துல வாங்கறதா இருந்தா விற்பனையாளர் கிட்ட கைப்பிடி என்ன மெட்டீரியல்னு எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. பில், பணம் கட்டின ரசீது, கூரியர் கேக்குற அடையாள, முகவரிச் சான்று, இதெல்லாம் ரெடியா இருக்கணும், இல்லன்னா பார்சல் கஸ்டம்ஸ்லயே உக்காந்துக்கும். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், பொருள் விலையோட போஸ்டேஜும் சேர்த்துதான் வரி போடுவாங்கன்னு கணக்குப் பண்ணிட்டு ஏலம் கேளுங்க. கையோட எடுத்துட்டு வர்றவங்க கத்தியை செக்-இன் பெட்டியில போடுங்க, கேபின் பைல இருந்தா செக்யூரிட்டில எடுத்துடுவாங்க.

4. தேறுமா, தேறாதா

பத்து மடங்கு பெருசா காட்டற லென்ஸ் ஒண்ணு போதும். நாலு விஷயம் பாருங்க.

விரிசல் இருந்தா அங்கயே முடிஞ்சது. கூர்லேர்ந்து முதுகைப் பார்த்து முடி மாதிரி ஒரு கோடு ஏறியிருந்தா அது கீறலா விரிசலான்னு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க, ரெண்டு பக்கமும் இருந்தா விரிசல். காட்சிக்கு வெச்சுக்கலாம், முகத்துல வைக்கக் கூடாது.

கறுப்புக் குழி எங்க இருக்குங்கறது முக்கியம். நடுவுல எவ்வளவு இருந்தாலும் ஷேவுக்கு ஒண்ணும் ஆகாது. கூர்லேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா, தீட்டத் தீட்ட அந்தக் குழி கூருக்கே வந்து பொடிப்பொடியா உதிரும். சந்தேகமிருந்தா வாங்காதீங்க.

கூர்ல துண்டு உடைஞ்சு பல் விழுந்திருந்தா, எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஸ்டீலை முழு நீளத்துக்கும் கழிக்கணும். அரை மில்லிமீட்டர்னா முடியும், அதுக்கு மேலன்னா முதல் கத்திக்கு வேண்டாம்.

கடைசியா முதுகு. கத்தியைக் கல்லுல படுக்க வைக்கும்போது முதுகும் கூரும் சேர்ந்துதான் கோணத்தைத் தீர்மானிக்குது. முதுகு தடிமன் 4.5 மில்லிமீட்டர், முதுகுலேர்ந்து கூர் வரைக்கும் 16 மில்லிமீட்டர்னா கோணம் ஏறக்குறைய 16 டிகிரி, இது நல்லா இருக்கு. முதுகுல பட்டையா அகலமா தேய்ஞ்சு தடிமன் குறைஞ்சிருந்தா கோணமும் குறைஞ்சு கூர் ரொம்ப நொய்யா இருக்கும். வெர்னியர் இருந்தா எடுத்துட்டுப் போய் கடையிலயே அளந்துடுங்க, கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்ல.

5. செலவு, நேரம்

நான் வாங்கின விலையை வெச்சு தோராயமா சொல்றேன். வாட்டர் எமரி பேப்பர் 400லேர்ந்து 2000 வரைக்கும் (நம்பர் ஏற ஏற நைசு, கல்லுக்கும் இதே கணக்கு) ரெண்டு ரெண்டு ஷீட், பிராசோ பாலிஷ், மெஷின் எண்ணெய், எலக்ட்ரிக் டேப், மார்க்கர், லென்ஸ் எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள்ள முடியும். பெரிய செலவு கல்லுதான். 1000க்கும் 6000க்கும் சேர்ந்த ரெட்டைக் கல் 1500லேர்ந்து 3000, அதுக்கு மேல 8000 இல்ல 12000 நம்பர் கல் ஒண்ணு 2500க்கு மேல. தீட்டின கூரைக் கடைசியா தடவி எடுக்கிற தோல் வார் 800லேர்ந்து 1500. ஆக மொத்தம் ஆறாயிரத்துலேர்ந்து எட்டாயிரம் வெச்சுக்கோங்க.

கல்லுக்குப் பதிலா லேப்பிங் ஃபிலிம்னு ஒட்டுற ஷீட் வரும், 12, 5, 3, 1 மைக்ரான்னு நாலு வாங்கி தடிமனான கண்ணாடி மேல தண்ணியில ஒட்டி வெச்சுத் தீட்டலாம், ஒரே ஒரு கத்திக்குன்னா இதுதான் சிக்கனம்.

ஒரு சனி ஞாயிறு சுத்தம் பண்ணவே போயிடும், அடுத்த வாரம் தீட்டறதுக்கு. ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணாதீங்க, கை களைச்சுப்போனா விரல்தான் போகும்.

6. சுத்தம் பண்றது

கூர் ஓரத்துல எலக்ட்ரிக் டேப்பை மடிச்சு ஒட்டுங்க. கத்தியை கையில தூக்கிப் பிடிக்காம, ஒரு மரக்கட்டை மேல படுக்க வெச்சு, எமரியை சின்னத் துண்டா ரப்பர் அழிப்பான்ல சுத்தி, எப்பவும் ஈரத்தோட தேய்ங்க. முதுகுலேர்ந்து கூருக்குப் போகலாம், நீளவாக்குலயும் போகலாம், கூர்லேர்ந்து முதுகைப் பார்த்து மட்டும் விரல் போகவே கூடாது. பழைய கத்தியில கைப்பிடிக் கோடியில இருக்கிற ஆப்பு சில சமயம் ஈயம், அதனாலயும் காஞ்ச தூசி கிளப்பாதீங்க, முடிச்சதும் கை கழுவுங்க.

எங்க நிறுத்தறதுன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கோங்க. சிவப்புத் துரு போகணும், கறுப்புக் கறை இருந்துட்டுப் போகட்டும். எல்லாக் குழியையும் எடுத்து கண்ணாடி மாதிரி ஆக்கணும்னு 220 பேப்பர்ல ஆரம்பிச்சீங்கன்னா முத்திரை மழுங்கிடும், விலையும் போச்சு, கத்தியோட அடையாளமும் போச்சு. கத்தி மேல தங்க நிறத்துல எழுத்தோ படமோ இருந்தா அந்த இடத்துல எமரியும் வேண்டாம் பிராசோவும் வேண்டாம், அது மேலாப்புல ஏறின பூச்சு, ரெண்டு தேய்ப்புல காணாமப் போயிடும். எண்ணெய் தொட்ட துணி போதும்.

400ல ஆரம்பிச்சு 600, 1000, 1500, 2000, ஒவ்வொண்ணுலயும் முந்தினதோட கோடு மறையற வரைக்கும். கடைசியா பிராசோ.

7. பின் ஆடினா

லேசான ஆட்டம்னா கழட்ட வேண்டாம். பின்னோட ஒரு தலையை இரும்புப் பட்டறை மேல வெச்சு, மறு தலையில நகைப் பட்டறைக்காரங்க வெச்சிருக்கிற மாதிரி சின்ன உருண்டைத் தலை சுத்தியலால சும்மா தட்டித் தட்டி இறுக்குங்க, ஓங்கி அடிச்சா கொம்பு பிளக்கும். கைப்பிடியே மாத்தணும்னா பித்தளைக் கம்பி 1/16 இன்ச், அதாவது 1.6 மில்லிமீட்டர், கூட சின்ன வாஷர். இது தெரியாதவங்க நகைப் பட்டறையில குடுத்துடறது நல்லது, சின்ன வேலைதான், ஆனா "கத்தியை சூடு பண்ணாதீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டு வாங்க.

8. கல்லுல தீட்டறது

முதல்ல கல் மட்டமா இருக்கணும். புதுக் கல்லும் மட்டமா இருக்காது. கல் மேல பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போட்டு, கண்ணாடி மேல ஈர எமரி வெச்சு அதுல தேய்ங்க, எல்லாக் கோடும் ஒரே சமயத்துல அழியற வரைக்கும்.

முதுகுல ஒரு சுத்து எலக்ட்ரிக் டேப் ஒட்டுங்க, முதுகு தேயாது. கோணம் ஒரு டிகிரி போல கூடும், பரவாயில்ல, ஆனா கடைசிக் கல் வரைக்கும் டேப் இருக்கணும், தேய்ஞ்சா மாத்தணும்.

இப்ப கூரோட ரெண்டு பக்கமும் மார்க்கரால மை பூசிட்டு, 1000 நம்பர் கல்லுல முதுகும் கூரும் ரெண்டுமே படற மாதிரி படுக்க வெச்சு, கூர் முன்னால போற மாதிரி ஒரே ஒரு தடவை தள்ளிப் பாருங்க. லென்ஸ்ல பார்த்தா, நடுவுல மை போயிருக்கும், கைப்பிடிப் பக்கத்துல அப்படியே இருக்கும், இல்ல முனையில இருக்கும். எங்க கல் படலன்னு கத்தியே காட்டிக் குடுத்துடும். அதுக்குத் தகுந்த மாதிரி கத்தியை கல்லுல குறுக்கா இழுத்துக்கிட்டே தள்ளணும், கைப்பிடிப் பக்கம் ஆரம்பிச்சு முனையில முடியற மாதிரி. கழுத்துக்கிட்ட தடிமனா ஒரு மேடு இருக்கும், அது கல் மேல ஏறினா கூர் தூக்கிக்கும், கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. மை வெச்சுப் பார்க்கிறதை சலிக்காம திரும்பத் திரும்பப் பண்ணுங்க.

அழுத்தாதீங்க. முதல்ல கொஞ்சம் விரல் எடை, போகப் போக கத்தியோட சொந்த எடை மட்டும். நல்லா குடைஞ்ச கத்தியை அழுத்தினா கூர் வளைஞ்சு கல்லை விட்டே எழும்பிடும்.

1000லதான் முழு வேலையும். இதுல கூர் முழுசா சேரலன்னா மேல இருக்கிற கல்லெல்லாம் வெறும் பாலிஷ்தான் போடும். சேர்ந்துச்சான்னு பார்க்க, கூரை மேல் பார்த்து வெச்சு விளக்குக்குக் கீழ லென்ஸ்ல பாருங்க. நல்ல கூருக்கு வெளிச்சம் திரும்பாது, வெறும் இருட்டுக் கோடா இருக்கும். எங்கயாவது வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னினா அங்க ரெண்டு பக்கமும் இன்னும் சேரல. அப்புறம் முன்கை முடி. கைப்பிடிப் பக்கம், நடு, முனை, மூணு இடத்துலயும் முடி இறங்கணும். முதல் தடவை இதுக்கே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், அவசரப்பட்டு அடுத்த கல்லுக்குப் போயிடாதீங்க, நூத்துக்குத் தொண்ணூறு பேர் இங்கதான் தோக்கறாங்க.

அடுத்து 5000 இல்ல 6000, அப்புறம் 8000, முடிஞ்சா 12000. ஒவ்வொண்ணும் பத்து இருபது நிமிஷம். 8000லயே ஷேவ் பண்ணலாம், 12000 தோலுக்கு இதமா இருக்கும்.

9. தோல் வாரும் முதல் ஷேவும்

தோல்ல எப்பவும் முதுகு முன்னால, கூர் பின்னால. திரும்பும்போது முதுகு மேல புரட்டணும், கூர் மேல புரட்டினா வாரும் வெட்டுப்படும், ரெண்டு மணி நேர உழைப்பும் ஒரு நொடியில போகும். வாரை விறைப்பா இழுத்துப் பிடிங்க, தொங்கினா கூர் உருண்டுடும். துணிப் பக்கம் இருபது, தோல் பக்கம் அம்பது, ஷேவுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும். வேகம் வேண்டாம், பழைய சலூன்ல பட்டு பட்டுன்னு சத்தம் வந்தது பல வருஷக் கை.

கத்தியை எழுபது சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, பத்து நிமிஷம் ஈரமா விடுங்க. கைப்பிடியில படவேண்டாம், செல்லுலாய்டு இளகும். வெந்நீர்ல கொதிக்க வைக்காதீங்க, கொம்பு முறுக்கிக்கும். பிளீச் போட்டா மறுபடி துரு. சுத்தம் பண்ண கத்தியை வேற யாருக்கும் குடுக்காதீங்க, அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளிய குறைஞ்சது ஒரு வாரம் உயிரோட இருக்கும். சலூன்ல பாதி பிளேடு மாட்டற கத்திக்கு எல்லாரும் மாறினது சும்மா இல்ல.

முதல் நாள் ரெண்டு கன்னம் மட்டும். குளிச்ச உடனே, சோப்பு நல்லா ஊறினதும், தோலை இழுத்துப் பிடிச்சு, கத்தியை முப்பது டிகிரி போல சாய்ச்சு, முடி போற பக்கமே. தாடையும் கழுத்தும் மீசைக்கு மேலயும் கொஞ்ச நாள் பழைய ரேசர்லயே பண்ணுங்க. முடியைப் பிடிச்சு இழுத்தா அழுத்தி சமாளிக்காதீங்க, நிறுத்திட்டு தோல் வாருக்குப் போங்க, அதுக்கும் சரியாகலன்னா 1000க்கே திரும்பிப் போங்க, நடுவுல எந்தக் கல்லும் உதவாது.

10. வெச்சுக்கிறது

பாத்ரூம்ல வைக்காதீங்க. கழுவி, டிஷ்யூல துடைச்சு, கைப்பிடிக்குள்ள ஈரம் நிக்காம அரை மணி நேரம் திறந்து காய வெச்சு, மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்க. தேங்காய் எண்ணெய் கொஞ்ச நாள்ல பிசுக்காயிடும், வேண்டாம். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்க டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க, நவம்பர் டிசம்பர்ல வாரத்துக்கு ஒருதரம் பின் இருக்கிற இடுக்கைத் திறந்து பாருங்க, துரு முதல்ல அங்கதான் ஆரம்பிக்கும்.

செல்லுலாய்டு கைப்பிடி இருக்கிற கத்தியை மட்டும் மத்த கத்திகளோட ஒரே டப்பாவுல போடாதீங்க, அது விடற வாயு பக்கத்துல இருக்கிற நல்ல கத்தியையும் துருப்பிடிக்க வெச்சிடும். தனியா, காத்தோட்டமா, வெயில் படாத இடத்துல.